இவ, மேலே

மால்டா என்று சேட் சொன்னதும் எங்கள் கம்பெனி முதலாளி தலையை ஆட்டினார்.

"நம்ம சரக்கு போற ஊருதானப்பா. கல்கத்தாவுக்கு மேல. ரயில்லயே போயிறலாம்."

அவர் கல்கத்தாவுக்குப் பனியன் அனுப்புகிறவர். அந்தப் பக்கம் மால்டா என்று ஓர் ஊர் உண்டு. பண்டல் மேல் மையில் எழுதியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அதுதான் என்று நானும் நினைத்தேன்.

சேட் சிரித்துவிட்டார். இது வேறு மால்டா. கடலுக்கு நடுவில் இருக்கிற தீவு. இத்தாலிக்குக் கீழே.

"பிளேன்ல போவணும்," என்றார்.

முதலாளி தலையாட்டுவதை நிறுத்தினார்.

இது நடந்தது எழுபதுகளின் நடுவில். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டர். பனியன் துணி நெய்கிற வட்ட மிஷின்களைக் கழற்றுவேன், மாட்டுவேன், ஊசி மாற்றுவேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. வீரபாண்டியில் குடியிருந்தோம். மனைவி ஊத்துக்குளிக்காரி. ஒரு பெண் குழந்தை. இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை.

சேட் பம்பாய்க்காரர். சரக்கு வாங்க வருவார். இளவயதில் மெட்ராஸில் ஜவுளிக் கடையில் இருந்ததால் தமிழ் பேசுவார். மெட்ராஸ் தமிழ். யாராக இருந்தாலும் நீ, வா, போ. எங்கள் பக்கத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளையைக்கூட வாங்க என்போம். அவர் பேச்சு எங்களுக்குச் சோற்றில் கல் மாதிரி. மற்றபடி நல்ல மனிதர்.

அந்தத் தீவில் அவர்கள் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்து துணிக்கடை இருக்கிறது. புதிதாக அங்கேயே ஒரு நிட்டிங் கம்பெனியும் போட்டிருந்தார்கள். எங்களிடம் இருந்த அதே மாதிரிப் பழைய மிஷின்கள். சேட்டே போய் நடத்தப் போகிறார். மிஷின் பார்க்க ஆள் இல்லை.

"அந்த ஊர் ஆளுங்க எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிடறானுங்க. தொழில் கத்துக்கிட்டா போதும், கெளம்பிடறான். நீ வரியா?"

நான் மிஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்து கையைத் துடைத்தேன்.

"ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க," என்றேன்.

கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சாயங்காலம் டீக் குடிக்கிற இடத்தில் கட்டிங் மாஸ்டர் என்னை விடவில்லை.

"அங்க போயி ங்க போட்டுப் பேசீராதீங்க, மாப்ள. ஒரு ஆளு நிக்கறப்ப ரெண்டு பேருகூடப் பேசறாருன்னு வைத்தியத்துக்குக் கூட்டீட்டுப் போயிருவாங்க."

"போறதே தெரியலீங்க. அதுக்குள்ள வைத்தியமா?" என்றேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"தீவுன்னா?"

"சுத்தியும் தண்ணி."

"குடிக்கறதுக்கு?"

"இருக்கும்."

"கேட்டீங்களா?"

"கேக்கலை."

"தண்ணி இருக்குதான்னு கேக்காம ஆராச்சும் ஊருக்குப் போவாங்களா?" என்று சிரித்தாள். எங்கள் தெருவில் அப்போது தண்ணீருக்காகத்தான் முதல் சண்டையும் கடைசிச் சண்டையும்.

சடையை முடித்துக் குழந்தையை விளையாட அனுப்பினாள். பிறகு சிரிக்கவில்லை.

"எம்பட பெரியப்பன் கொழும்புக்குப் போனாருங்க. வாரேன்னுதான் சொல்லீட்டுப் போனாரு. பெரியம்மா நெத்தியில பொட்டு வெக்கறதா வேண்டாமான்னே தெரியாம இருந்து செத்துப் போச்சு. என்னால அப்படி இருக்க முடியாதுங்க. நீங்க போனா நாங்களும் வாரோம். இன்னைக்கே வேண்டாம், பொறவால கூப்புடுங்க. அதுக்குச் சேட்டு ஒப்புக்கிட்டாருன்னா போங்க. இல்லீன்னா மிஷினு இங்கயுந்தான் ஓடுது."

மறுநாள் அதை அப்படியே சேட்டிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அங்க ஒரு ஃபோர்மேன் இருக்கான். அந்த ஊர்க்காரன். கம்பெனிய ஓட்டறது அவன்தான். முதல்ல ஒரு மாசம் அவன்கூட வேலை பாரு. அவன் வேணும்னா உன் பொண்டாட்டி, கொளந்த ரெண்டு பேரையும் கூப்பிட நான் ஏற்பாடு பண்றேன். வேணாம்னா ரிட்டர்ன் டிக்கெட். சரியா?"

"செரிங்க."

பாஸ்போர்ட் வர நாளானது. வந்ததும் வேலையை விட்டேன். முதலாளி வருத்தப்பட்டார், திட்டவில்லை. ஆனால் என் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அது நியாயம்தான். மிஷின் நிற்க முடியாது.

கிளம்புகிற அன்று மனைவி ஊத்துக்குளி நெய் ஒரு டின்னில் ஊற்றி, மூடியைச் சுற்றித் துணி கட்டிக் கொடுத்தாள். திருமுருகன்பூண்டிக் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று. அதில் அவளும் குழந்தையும் மட்டும். வண்டி வந்தது. போயிட்டு வாங்க என்று சொல்வதுதானே வழக்கம். அவள் அதைச் சொல்லவில்லை.

"போயிக் கூப்புடுங்க," என்றாள்.

பம்பாயில் பிளேன் ஏறி, ரோமில் வேறு பிளேன் மாறினேன். இறங்கும்போது ஜன்னலில் பார்த்தேன். நீலத் தண்ணீர். நடுவில் காய்ந்துபோன மஞ்சள் நிலம், கையகலம். இதிலா ஊர் இருக்கிறது என்று நினைத்தேன்.

இறங்கினால் வெயில். நல்ல வெயில். வழி நெடுகச் சப்பாத்திக் கள்ளி. அடுக்கி வைத்த கல்லால் வயல்காட்டுக்கு வேலி. மரம் குறைவு. வீடெல்லாம் மஞ்சள் கல். இந்தக் கள்ளியைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கள்ளி முளைக்கிற ஊரில் நாமும் இருக்கலாம்.

முன்னமே போயிருந்த சேட் வேன் கொண்டுவந்திருந்தார். ஓட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்த ஊர் பாஷை கலப்படம். கப்பல்ல வந்தவன் எல்லாம் ஒவ்வொரு வார்த்தை போட்டுட்டுப் போயிருக்கான். சோப்புக்கு சாபூன். ரூமுக்கு கம்ரா. நம்ம இந்தி மாதிரியே இருக்கும். பயப்படாத."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை கம்பெனிக்குப் போனேன். மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதே நேரம் ஃபோர்மேன் சுவிட்சைப் போடுமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் மீசைக்குள் சிரித்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

பேச்சு எப்படி என்று கவலைப்பட்டிருந்தேன். அது பெரிய கஷ்டமாக இல்லை. எங்கள் கம்பெனித் தமிழில் பாதி இங்கிலீஷ்தான். ஊசியைக் காட்டி நீடில் என்றால் அவருக்குப் புரிந்தது. ஆயில், பெல்ட், கோன், ஸ்டாப். இது போதும். மிஷினுக்கு இதற்கு மேல் பாஷை கிடையாது.

அன்றே ஒரு மிஷினில் துணி சரியாக இறங்கவில்லை. ஃபோர்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மெலா..." என்று இழுத்தார். எனக்கு அது மேலே என்று காதில் விழுந்தது. மேலே பார்த்தேன். நூல் கோன் வைக்கிற ஸ்டாண்டில் ஒரு நூல் சிக்கியிருந்தது. ஏறி எடுத்துவிட்டேன். துணி இறங்கியது. அவர் என் தோளில் ஓர் அடி போட்டார்.

அவ்வளவுதான். சேட் சொன்னது சரி, நம் ஆள் எவனோ எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து மேலே என்ற வார்த்தையை இங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அவர் மெலா என்ற போதெல்லாம் நான் மேலே பார்த்தேன். பல நேரம் மேலே ஒன்றும் இருக்காது. சும்மா ஏறி, துடைத்துவிட்டு இறங்குவேன். என்னுடைய கோன் ஸ்டாண்டு போல் சுத்தமான ஸ்டாண்டு அந்தத் தீவில் இருந்திருக்காது.

பிறகு மற்ற வார்த்தைகளும் காதில் ஏறத் தொடங்கின.

கம்பெனியில் முக்கால்வாசி பெண்கள். ஃபோர்மேன் அவர்களிடம் பேசும்போது அடிக்கடி 'இவ' என்பார். 'இவ, இவ' என்று இரண்டு தரம்கூடச் சொல்வார். எதிரில் நிற்கிற பெண்ணின் முகத்துக்கு நேராகவே. அந்தப் பெண்களும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஒரு பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டே இவ என்று சொன்னால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

அடுத்தது 'லே'. திருப்பூர்க் கம்பெனியில் திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் ஒருவர் இருந்தார். ஏலே, வாலே, போலே என்பார். பழகின பிறகுதான் அதில் கோபம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. அதே லே இங்கேயும். ஒரு நாள் சேட் ஏதோ கேட்க, ஃபோர்மேன் அவரைப் பார்த்தே, "லே, லே," என்றார். முதலாளியை! சேட் முகம் மாறவில்லை. சரி, மரியாதை என்பது இந்த ஊருக்கு வந்து சேராத சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. சேட் ஊருக்குள் கடையில் இருப்பார், எப்போதாவதுதான் வருவார். வந்தாலும் நான் கேட்கிற ஆள் இல்லை.

எனக்குப் பக்கத்தில் நூல் சுற்றுகிற மிஷினில் ஒரு பெண் வேலை செய்தார். முப்பது வயதிருக்கும். மிஷின் சத்தத்துக்கு மேல் அவர் சத்தம் கேட்கும். மத்தியானம் நான் வெறும் ரொட்டியை நெய் தொட்டுத் தின்பதை இரண்டு மூன்று நாள் பார்த்தார். பிறகு அவர் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். எண்ணெய் விட்டுத் தக்காளியைத் தேய்த்த ரொட்டி. நன்றாக இருந்தது. பதிலுக்கு நெய்யைக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு ரொட்டியில் தடவித் தின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து தினம் ரொட்டி வந்தது, நெய் போனது.

ஒரு நாள் பையிலிருந்து படம் எடுத்துக் காட்டினார். கப்பல் ஏறுகிற ஓர் ஆள். "ஆஸ்திரேலியா," என்றார். புருஷன். கைவிரலை மடக்கி மடக்கி வருஷம் காட்டினார். நான் என் படத்தை எடுத்தேன். அதை வெகுநேரம் பார்த்தார். என் மனைவியைத் தொட்டு, பிறகு தரையைத் தொட்டுக் காட்டினார். இங்கே வருவாளா என்று கேட்கிறார். நான் கையை விரித்தேன்.

உடனே திரும்பி ஃபோர்மேனைக் கூப்பிட்டார். என்னைக் காட்டிக் காட்டி நிறையப் பேசினார். குரல் ஏறியது. மற்ற பெண்கள் வேலையை விட்டுப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தைக் காட்டியது தப்போ என்று பட்டது. மறுநாள் ரொட்டி கொடுத்தபோது வேண்டாம் என்று தலையாட்டினேன். நம் தலையாட்டல் அவருக்கு எப்படித் தெரிந்ததோ, கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தின்றேன்.

மாதம் முடிந்தது. அன்று காலையே சேட் வந்துவிட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும். ஸ்பேனரைப் பிடித்திருந்தேன், எதை முடுக்குகிறேன் என்று தெரியவில்லை.

சேட்டும் ஃபோர்மேனும் என் மிஷின் பக்கம் வந்து நின்றார்கள். ரொட்டி கொடுக்கிற பெண்ணும் மிஷினை நிறுத்திவிட்டுக் கிட்டத்தில் வந்தார். சேட் என்னைப் பார்த்துக்கொண்டே அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் குறுக்கே புகுந்து நாலு வார்த்தை சொன்னார். ஃபோர்மேன் அவர் பக்கம் திரும்பினார். என் பக்கம் திரும்பினார். கையைத் தட்டிப் பலமாகச் சொன்னார்:

"இவ, மேலே!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சேட்டும் சிரித்தார்.

எனக்கு முகம் எரிந்தது. இவள் மேலே இவனுக்குக் கண் என்று சொல்லிவிட்டார். வேறென்ன இருக்கும்? ரொட்டி வாங்கித் தின்றதைப் பார்த்தவர். படம் காட்டியதைப் பார்த்தவர். அதுவும் அத்தனை பேர் நடுவில், கை தட்டி.

ஸ்பேனரைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தேன். மிஷினைத் தொட்டுக் கும்பிட்டேன். கம்பெனிக்குப் பின்னால் எனக்கு ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். அங்கே போய் டிரங்குப் பெட்டியை இழுத்தேன். துணியை மடித்து வைத்தேன். டின்னில் கொஞ்சம் நெய் மீதி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஊரில் போய் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. திருப்பூரில் என் இடத்தில் வேறு ஆள் நிற்கிறான். அது போகட்டும். அவள் கூப்பிடுங்க என்றாள். இனிமேல் கூப்பிடுவதற்கு என்ன இருக்கிறது? இந்தப் பேச்சை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

படத்தைக் கடைசியாக வைத்து மூடினேன்.

கதவில் நிழல் விழுந்தது. சேட், அவருக்குப் பின்னால் ஃபோர்மேன். அவருடைய உடம்புக்குக் கதவு போதவில்லை.

"இன்னாப்பா, எங்க கெளம்பிட்ட?"

"ஊருக்குங்க."

"ஏன்? ஊர்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க. அந்தம்மா எனக்குத் தங்கச்சி மாதிரிங்க. ரொட்டி குடுத்தாங்க, தின்னேன். அவ்ளோதானுங்க. வேற நெனப்பு இல்லீங்க."

"எந்தம்மா?"

"அவரு சொன்னாருங்களே."

"என்ன சொன்னான்?"

எனக்கு அதை வாயால் சொல்லவே கூசியது. தரையைப் பார்த்துச் சொன்னேன்:

"இவ மேலேன்னு சொன்னாருங்களே. எல்லாரும் சிரிச்சீங்களே."

சேட் என்னையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. இவ மேலே, இவ மேலே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு என் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்து மூச்சு முட்டியது. கண்ணில் தண்ணீர்.

"டேய்! ஈவான்னா இந்த ஊர்ல ஆமாம். மெலான்னா, பின்ன என்னன்னு அர்த்தம். இவன் பொண்டாட்டி புள்ளையக் கூப்பிடலாமான்னு கேட்டேன். ஆமாம், பின்ன இல்லாமலான்னான்!"

நான் ஃபோர்மேனைப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு இருக்காளே, ஒரு வாரமா இந்த ஃபோர்மேனப் போட்டுக் கொன்னுட்டா. என் புருஷன்தான் கண்காணாம போயிட்டான், இந்த ஆளு பொண்டாட்டியாவது கூட வந்து இருக்கட்டும், எப்பக் கூப்பிடப் போறேன்னு. அதான் எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்ப லேங்களா?" என்றேன்.

"லேன்னா இல்ல. வேணாம்னு அர்த்தம். உன்னப் பத்தி அவன் லே சொல்லவே இல்லையே!"

ஃபோர்மேன் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சேட் எழுந்து அவரிடம் சொன்னார். கையை மேலே தூக்கிக் காட்டினார். ஃபோர்மேன் வாய் மெதுவாகத் திறந்தது. நான் ஏன் சும்மா சும்மா கோன் ஸ்டாண்டில் ஏறினேன் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு மாதமாக அதை எங்கள் நாட்டுப் பழக்கம் என்று நினைத்தாராம், ஏதோ சாமி கும்பிடுகிறதென்று. அதனால் குறுக்கே பேசாமல் இருந்தாராம்.

அவர் சிரித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பிறகு பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினேன். அன்றைக்கே சேட் திருப்பூர் முதலாளிக்குத் தந்தி கொடுத்தார். வீட்டில் சொல்லும்படி.

அவர்கள் வருவதற்குக் குளிர்காலம் போக வேண்டியிருந்தது. வந்த அன்று வெயில். காட்டில் மஞ்சளாகப் பூப் பூத்திருந்தது. ஃபோர்மேன்தான் வேன் ஓட்டி வந்தார். பெட்டியைத் தூக்க நான் போனால், "லே, லே," என்று அவரே தூக்கிக்கொண்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தை கள்ளியைக் காட்டி, "நம்மூருச் செடி," என்றது.

வேனில் ஏறினதும் ஃபோர்மேன் மனைவியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் புரியாமல் தலையை ஆட்டினாள். அவர், "ஈவா, ஈவா," என்றார்.

மனைவி என் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்க, ஆரை இவங்கறாரு?"

"ஆமாங்கறாரு."

"ஆமாங்கறதுக்கு ஒரு ங்க போட மாட்டாராக்கும்?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி கேட்டாள்.

"குடிக்கற தண்ணி?"

"உப்புதான்."

"செரி. வீரபாண்டித் தண்ணிதானே," என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கடல் வந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

ரொட்டி கொடுத்த பெண் அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் சாயங்காலம் வரை பேசினார்கள். நெய் டின் புதிதாக வந்திருந்தது.

ங்க விஷயத்தை மனைவி விடவில்லை. ஃபோர்மேன் வரும்போதெல்லாம் காபி டம்ளரை நீட்டுவாள். "காபிங்களா?" என்பாள். அவர் ஈவா என்றால் டம்ளர் அப்படியே நிற்கும், அவர் கைக்குப் போகாது. அவருக்கு விளங்கச் சில நாள் ஆனது. விளங்கினதும் அவர் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிச் சொன்னார்:

"ஈவாங்க."

காபி கிடைத்தது. மறுவாரம் கம்பெனியில் பெண்கள் எல்லோரும் என்னைக் கண்டால் ஈவாங்க என்றார்கள்.